உபரி

அண்மையில் என் பாலிய நண்பர் ஒருவர் என்னிடம் ஒரு யோசனை கேட்டார். மாத்தளை நகரில் மிளகும் கறுவாவும் வாங்கி விற்பவர் அவர். தோட்டத்து லயத்தில் பிறந்து, சொந்த முயற்சியால் முன்னுக்கு வந்தவர். இராணுவத்தில் உழைத்து ஓய்ந்து, உபரியென்று கழிக்கப்பட்டுக் கைமாறி வந்த பழைய லொறிகள் இரண்டு ஒரு கராஜில் விலைக்கு நின்றன. அவற்றுள் ஒன்றை வாங்க வேண்டும் என்பது அவர் ஆசை. வியாபாரத்துக்காக அல்ல; விடுமுறை நாள்களில் றிவஸ்டன் மலைப்பாதையில் ஏறிப் போவதற்கும், ஓய்ந்த நேரத்தில் கழற்றிப் பூட்டிப் பார்ப்பதற்கும். "எது நல்லது மச்சான்? நீயும் வந்து பாரேன்" என்றார். எனக்கு இயந்திர ஞானம் இல்லை. ஆயினும் போனேன்.

ஒன்று பெரியது, ஆறு சில்லுகளும் உயர்ந்த முகப்புமாக நின்றது. பச்சைப் பூச்சும், பழைய இலக்கத்தின் மங்கிய வெள்ளை எழுத்தும் அழியாதிருந்தன. மற்றது நான்கு சில்லு பெட்ஃபோர்ட். அதன் பின்பெட்டியை யாரோ பலகையால் மாற்றியிருந்தனர். பூச்சு முற்றாக உரிந்திருந்தது. கராஜ் பாஸ் தம் தொழிலுக்குரிய நிதானத்தோடு எமக்குப் பாடம் சொன்னார். பூச்சைப் பார்த்து மயங்கக் கூடாது. சேசியைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். துருவேறிய இரும்பு மந்தமாக ஒலிக்கும். எஞ்சின் இலக்கமும் சேசி இலக்கமும் பத்திரத்தோடு பொருந்த வேண்டும். உதிரிப்பாகம் கிடைக்காத வண்டி, எவ்வளவு கம்பீரமானதாயினும், ஆண்டு முழுதும் கொட்டிலிலேயே நிற்கும். பெட்ஃபோர்ட் இந்நாட்டுச் சாரதிகள் தலைமுறைகளாக ஓட்டிப் பழகிய வண்டி. அதன் நோயும் மருந்தும் அவர்கள் அறிவார்கள். பெரியதோ ஒரு லீற்றர் எண்ணெய்க்கு மூன்று நான்கு கிலோமீற்றர் ஓடினால் அதிகம்.

நண்பர் எல்லாவற்றையும் கேட்டார். பின்பு பெரியதன் முகப்பைத் தடவியபடி, "இதில போனா எவனும் வழி விடுவான்" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு என்னை வீடு வரை தொடர்ந்தது. துரையின் ஜீப் வரும்போதெல்லாம் கொழுந்துக் கூடையோடு பாதையோரம் ஒதுங்கி நின்றவர் அவருடைய தாயார். அந்தத் தாயின் மகன், மற்றவர் ஒதுங்குவதை இன்று இன்பமாக எண்ணுகிறார். அவரைக் குறைகூறும் தகுதி எனக்கில்லை. சாரதி ஆசனத்தில் நானும் ஏறி அமர்ந்தேன். அந்த உயரத்திலிருந்து தெரு சிறுத்துத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால், அது எனக்கும் இனித்தது.

இங்கேதான் நம் சிந்தனைக்குரிய கேள்வி எழுகிறது. போருக்காகச் செய்யப்பட்ட ஒரு பொருளை விளையாட்டுக்காக வாங்குவது தகுமா? "இரும்புக்கு ஏது பாவம்?" என்பது ஒரு சாரார் விடை. "இரத்தக் கறை படிந்ததைத் தொடவே கூடாது" என்பது மறு சாரார் விடை. இரண்டும் எளிய விடைகள்; எளிமையாலேயே குறையுடையவை.

முதலில் இரண்டாவதைப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் ஜீ.எம்.சி. நிறுவனம் இரண்டரைத் தொன் லொறிகள் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தது. 1944 ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை பிரான்சில் முன்னேறிய படைகளுக்கு உணவும் எண்ணெயும் வெடிபொருளும் சுமந்தவை பெரும்பாலும் இவ்வகை லொறிகளே. 'ரெட் போல்' என்று அழைக்கப்பட்ட அந்த வழியில் இரவுபகலாக ஓட்டிய சாரதிகளில் நால்வரில் மூவர் கறுப்பினத்தவர். நாசிசத்தை வீழ்த்தச் சென்ற அதே படையில் நிறத்தின் பெயரால் பிரித்து வைக்கப்பட்டிருந்தவர்கள் அவர்கள். தளபதிகளின் பெயர்களை எம் மாணவர் மனனம் செய்கின்றனர். அச்சாரதிகளில் ஒருவர் பெயரைத்தானும் எம் பாடநூல்கள் சொல்வதில்லை. போர் முடிந்தபின் அமெரிக்கப் படை விட்டுச்சென்ற ஜீப்புகளைப் பிலிப்பைன்ஸ் மக்கள் நீட்டி, கூரையிட்டு, 'ஜீப்னி' என்னும் மக்கள் வாகனமாக்கினர். கனடாவில் செய்யப்பட்ட செவ்ரோலே இராணுவ லொறிகள் ரங்கூன் நகரில் பல பத்தாண்டுகள் பயணிகள் பேருந்துகளாக ஓடின. போரின் எச்சத்தை மக்கள் தம் தேவைக்கு வளைத்துக்கொண்ட இச்செயலை இழிவு என்று யார் சொல்வார்?

எனினும் "இரும்புக்கு ஏது பாவம்?" என்று கேட்டு அமைதி கொள்ளவும் இயலவில்லை. எம் தெருமுனையில் ஒரு சிங்களத் தாய் இருக்கிறார். 1989இல், இருபது வயது மகனை இரவில் வந்த வாகனம் ஒன்று ஏற்றிச் சென்றது, அவன் திரும்பவில்லை. 2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளாகத்தில் கட்டட வேலைக்காக நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் மீட்கப்பட்டன. அவை எக்காலத்தவை என்பதில் ஆய்வு முடிவுகள் முரண்பட்டன. பிள்ளையைத் தேடும் தாய்க்கோ அந்த முரண்பாடே இன்னொரு துயரம். இன்றும் கனரக வண்டியொன்று இரவில் தெருவில் நின்றால் அந்தத் தாய் விளக்கை அணைத்துவிடுவார். வடக்கிலும் கிழக்கிலும் அவ்வாறு விளக்கணைக்கும் தமிழ்த் தாய்மார் எத்தனை பேர்! மொழி வேறு, செவி ஒன்றே. லொறிக்கு நினைவு இல்லாதிருக்கலாம். அதன் ஒலியைக் கேட்கும் மனிதருக்கு நினைவு உண்டு.

'உபரி' என்ற சொல்லையும் சற்று உரசிப் பார்க்க வேண்டும். தொழிலாளி தன் கூலிக்கு ஈடான மதிப்பைப் படைத்த பின்னும் உழைத்துப் படைப்பதையே கார்ல் மார்க்ஸ் உபரி மதிப்பு என்றார். பெறுபவனுக்கு அது உபரி. தொழிலாளிக்கு அது உயிரின் ஒரு பகுதி. இராணுவ லொறிக்கும் இது பொருந்தும். மக்களின் வரிப்பணத்தில் வாங்கப்பட்டது, அரசுக்குத் தேவை தீர்ந்ததும் உபரியாகிறது. ஆனால் எம் பாடசாலைக்கு மேற்பிரிவுகளிலிருந்து வரும் பிள்ளைகள் மழையில் நடந்து வருகின்றனர். வாய்த்தால் கொழுந்து லொறியில் தொற்றிக்கொள்கின்றனர். அவர்கள் கணக்கில் எந்த வாகனம் உபரி? 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபா விற்ற டீசல், 2022 ஜூனில் 460 ரூபா ஆயிற்று. பின்னர் எரிபொருள் பங்கீட்டு முறையில் அளந்து தரப்பட்டது. அந்நாள்களை மறக்காதவர், பொழுதுபோக்குக்காக எண்ணெய் எரிப்பதைத் தம் தனி விருப்பம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

அப்படியாயின் உழைக்கும் மனிதனுக்குப் பொழுதுபோக்கே கூடாதா? கூடும், வேண்டும். ஓய்வு செல்வருக்கு மட்டும் உரியதன்று. பழைய இயந்திரத்தைக் கழற்றி, துருவைத் துடைத்து, மீண்டும் உயிர்ப்பிப்பதில் ஓர் உயர்ந்த மகிழ்ச்சி உண்டு. அது ஆக்கும் கையின் மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சிக்குப் பச்சைப் பூச்சும் படை இலக்கமும் தேவையில்லை. ஒவ்வோர் இராணுவ லொறிக்குள்ளும் இரண்டு பழமைகள் இருக்கின்றன: அதைச் செய்தவரும் ஓட்டியவரும் செலுத்திய உழைப்பு ஒன்று, அது வந்த வழியெல்லாம் விதைத்த அச்சம் மற்றொன்று. வாங்குபவர் இவ்விரண்டில் எதற்கு விலை கொடுக்கிறார் என்பதே அறத்தின் கேள்வி.

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியை எம் இலக்கியம் போற்றுகிறது. புறநானூறும் சிறுபாணாற்றுப்படையும் அச்செய்தியைச் சொல்கின்றன. மன்னர் புகழ்ச்சி என்று அதை ஒதுக்குவது எளிது; கொடிக்குக் கொம்பு போதுமே என்று கேட்கவும் செய்யலாம். ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். பாரி உபரித் தேரைக் கொடுக்கவில்லை. தான் ஏறிவந்த தேரைக் கொடுத்தான். மற்றவர் வழிவிட வேண்டிய உயரத்திலிருந்து இறங்கித் தரையில் நடந்தான். அக்கதையில் என் மனத்தில் நிற்பது கொடையைவிட அந்த இறக்கமே.

நண்பர் இன்னும் முடிவு செய்யவில்லை. அவருக்கு நான் சொன்னது இது: பாஸ் சொன்னபடி சேசியைத் தட்டிப் பார், அத்தோடு உன் ஆசையையும் ஒருமுறை தட்டிப் பார். பெட்ஃபோர்டை வாங்கு. அதற்கு நீ விரும்பும் நிறத்தைப் பூசு. மலைக்குப் போகும் நாளில் போ. மழை நாளில் மேற்பிரிவுப் பிள்ளைகளுக்காக அது நிற்கட்டும். வாங்கியபின் ஒருநாள், பட்டப்பகலில், அந்தத் தாயின் வாசலில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு, இறங்கிப் போய் அவரோடு பேசு. அதைச் செய்ய உனக்குக் கூசவில்லையென்றால், நீ தெரிந்தெடுத்த வண்டி சரியானதே.