மேட்டு நிலத்தின் கடன்

ஒருவர் தம் நிலத்தை உழும் விதத்தால், பல கல் தொலைவுக்கு அப்பால் வாழும் இன்னொருவருக்குத் தீங்கு விளையுமாயின், முன்னவர் அதற்குப் பொறுப்பாவாரா? தீங்கும் தெரிந்து, அதைச் செய்தவர் இன்னார் என்றும் தெரிந்தால் விடை எளிது. ஆனால் மலைச் சரிவிலிருந்து மழைநீர் அள்ளிச் செல்லும் மண்ணில் எவர் பெயரும் எழுதப்பட்டிருப்பதில்லை. நூறு வயல்களின் மண் ஓடையில் கலக்கிறது. ஓடை ஆற்றில் கலக்கிறது. ஆறு அதை அணையின் அடியில் வண்டலாகச் சேர்க்கிறது. அணை தூர்ந்துபோகும்போது எந்தக் கூடை மண் எவருடையது என்று பிரித்துக் கூற எவராலும் இயலாது. எல்லாரும் சேர்ந்து செய்தது என்பதால் எவரும் செய்யாதது ஆகிவிடுமா? இதுவே நம் முன் உள்ள வினா.

நேரில் அளக்க இயலாததை மதிப்பிட அறிவியல் ஒரு வழி கண்டது. அமெரிக்காவில் வால்டர் விஷ்மயர், டுவைட் ஸ்மித் ஆகிய இருவரும் பல்லாண்டு கால வயல் அளவீடுகளைக் கொண்டு உருவாக்கிய மண் இழப்புச் சமன்பாட்டை அந்நாட்டு வேளாண்மைத் துறை 1965-இல் கையேடாக வெளியிட்டது. 1978-இல் அதை விரிவாக்கியது. மழையின் வலிமை, மண்ணின் இயல்பு, சரிவின் நீளம், சரிவின் செங்குத்து, நிலத்தை மூடியுள்ள பயிர், நிலத்தைக் காக்கும் முறை ஆகிய ஆறு காரணிகளையும் ஒன்றோடொன்று பெருக்கி, ஆண்டுக்குச் சராசரியாக எவ்வளவு மண் இடம்பெயரும் என்று அது கணிக்கிறது.

இந்த ஆறையும் சற்று உற்று நோக்குவோம். மழையை நாம் அனுப்புவதில்லை. மண்ணின் இயல்பையும் மலையின் செங்குத்தையும் நாம் வகுக்கவில்லை. ஆனால் எதைப் பயிரிடுவது, அறுவடைக்குப் பின் நிலத்தை வெறுமையாய் விடுவதா, சரிவின் போக்கிலே உழுவதா, குறுக்கே உழுவதா என்பவை நம் கையில் உள்ளவை. சரிவின் நீளத்தைக்கூட வரப்பாலும் படியாலும் நாம் துண்டித்துவிடலாம். இவை யாவும் பெருக்கப்படுவதால், நம் கையில் உள்ள ஒரு காரணி பாதியாகக் குறைந்தால் மொத்த இழப்பும் பாதியாகிறது. எனவே, "இயற்கை இப்படி, நாம் என்ன செய்ய முடியும்?" என்னும் சாக்குப்போக்கு இங்கே செல்லாது.

நம் நீலகிரியிலும் இந்த உண்மை தெளிவாக்கப்பட்டுள்ளது. உதகமண்டலத்தில் 1954 முதல் இயங்கிவரும் மண், நீர்ப் பாதுகாப்பு ஆய்வு மையம் அம்மலைச் சரிவுகளைக் குறித்து ஆராய்ந்துள்ளது. உருளைக்கிழங்கை மேலிருந்து கீழாகப் பாத்தி பிடித்துப் பயிரிடும் நிலத்தில் மண் இழப்பு மிகுதி என்பதும், படிப்படியாக வெட்டிச் சமன்செய்த நிலத்தில் அது பன்மடங்கு குறைகிறது என்பதும் அளந்து அறியப்பட்டவை. அறிந்த பின்னர் அறியாமை நம்மைக் காக்காது.

எனினும் மதிப்பீட்டைத் தீர்ப்பாகக் கொள்வதும் அநீதியே. வயலிலிருந்து இடம்பெயர்ந்த மண் அனைத்தும் ஆற்றைச் சேர்வதில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள கூன் ஓடைப் பள்ளத்தாக்கு இதற்குச் சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறிய உழவர்கள் அதன் சரிவுகளைத் திருத்தி உழுதனர். மண் பெருமளவில் அரிக்கப்பட்டுப் பள்ளத்தாக்கின் தரையை மூடியது. 1933-இல் அந்நாட்டின் முதல் நீர்ப்பிடிப்புப் பகுதிச் செயல்விளக்கத் திட்டம் அங்கே தொடங்கியது. உழவர்கள் சரிவுக்குக் குறுக்கே, வளைந்த பட்டைகளாகப் பயிரிடக் கற்றனர். அரிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆயினும் ஸ்டான்லி டிரிம்பிள் என்னும் புவியியலாளர் 1981-இலும் 1999-இலும் வெளியிட்ட ஆய்வுகள் வியப்பான ஒன்றைக் காட்டின. அரிக்கப்பட்ட மண்ணில் மிகச் சிறு பகுதியே மிசிசிப்பி ஆற்றை அடைந்திருந்தது. எஞ்சியது பள்ளத்தாக்கிலேயே தங்கிவிட்டது. மேட்டில் அரிப்பு குறைந்த பின்னரும் ஆற்றைச் சேரும் வண்டலின் அளவு ஏறத்தாழ மாறவில்லை. முன்பு படிந்ததை ஓடை மீண்டும் எடுத்துச் சென்றுகொண்டிருந்தது.

இதிலிருந்து நாம் கற்பவை இரண்டு. முதலாவது, இன்று ஆறு கலங்கி ஓடுவதைக் கண்டு இன்றைய உழவரைக் குற்றவாளி என்று சுட்டிவிட முடியாது; அவர் சுமப்பது தம் பாட்டனாரின் கடனாகவும் இருக்கலாம். இரண்டாவது, திருந்தியதன் பயனைத் திருந்தியவரே காண்பார் என்னும் உறுதி இல்லை. பயன் தெரியவில்லை என்று அவர் பழைய வழிக்குத் திரும்புவாராயின், கடன் பேரப்பிள்ளைகளின் தலையில் மேலும் ஏறும்.

நீதிக்கு மற்றொரு பக்கமும் உண்டு. படி வெட்டக் கூலி வேண்டும். வரப்புக்கு நிலம் வேண்டும். அரை ஏக்கர் வைத்திருக்கும் ஏழை உழவர் இச்செலவைத் தனியே தாங்குவது எங்ஙனம்? அணை நீரைக் குடிப்போரும், அதன் மின்சாரத்தில் விளக்கேற்றுவோரும் மேட்டு நிலத்தின் காவலால் பயனடைகின்றனர். பயனில் பங்கு கொள்வோர் செலவிலும் பங்கு கொள்வதே முறை. பழியை மட்டும் மேலே அனுப்பிவிட்டு, நீரை மட்டும் கீழே பெற்றுக்கொள்வது நேர்மையன்று.

ஆகவே தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இவ்வாறு விடை கூறலாம். மதிப்பீடு பிறரைத் தண்டிக்கப் போதாது. நம்மைத் திருத்திக்கொள்ளப் போதும். மனச்சான்று வழக்குமன்றம் அன்று. அதற்கு ஐயமற்ற சான்று தேவையில்லை. நம் செயலால் தீங்கு நேரக்கூடும் என்று நியாயமாக அறிந்தாலே, அதைத் தவிர்க்க முயல்வது கடமையாகிறது. பங்கு சிறிதென்றால் கடமையும் சிறிதாகலாம், இல்லாமற் போய்விடாது. ஓர் அங்குல மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகின்றன. அதைச் சில மழைக்காலங்களில் இழந்துவிடும் உரிமை எந்தப் பட்டாவிலும் எழுதப்படவில்லை.