பாம்பன்று என்று தெளிந்த பின்னும்

வேதாந்தப் பிரசங்கம் எதுவாயினும், அந்தி மங்கலில் கிடந்த கயிற்றைப் பாம்பென்று கண்டு அலறியவன் கதை அதில் வந்தே தீரும். விளக்கைக் கொண்டுவந்தார்கள், கயிறு கயிறாகத் தெரிந்தது, பாம்பு எங்கும் ஓடிப்போகாமலே இல்லாமற் போயிற்று, அவ்வாறே ஞானம் உதித்த கணத்தில் அஞ்ஞானமும் நீங்கும் என்று பிரசங்கியார் முடிக்கையில் சபையோர் தலையசைப்பதும் வழக்கந்தான். மார்கழி மாதத்தில் வண்டலூர், பெருங்களத்தூர்ப் பக்கத்துக் கோயில்களில் இக்கதையைக் கேட்கும் கூட்டத்தில், காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு, கைக்குட்டையும் கையுமாய் அடுக்கடுக்காகத் தும்மிக்கொண்டிருக்கும் ஒருவரையேனும் காணாமலிருக்க முடியாது. அவர் விஷயம் தெரியாதவரல்லர். தம் மூக்கினுள் புகுந்தது வெறும் தூசி, அல்லது ஏதோ ஒரு செடியின் மகரந்தம், அதற்குத் தம்மைக் கெடுக்கும் விஷம் எதுவும் கிடையாது என்பதை வைத்தியர் சொல்லக் கேட்டும், தாமே படித்தும், ஐயந்திரிபற அறிந்தவர். ஆயினும் தும்மல் நிற்பதில்லை. கயிறென்று தெளிந்த பின்னும் கடித்துக்கொண்டிருக்கும் இந்தப் பாம்பைப் பற்றி நம் தத்துவ சாஸ்திரங்கள் என்ன சொல்லும் என்பதே இங்கு என் விசாரணை.

சரீரத்தின் மயக்கம் இன்னது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஐ.ஜி.ஈ. என்று பெயர் பெற்ற ஒரு புரதம் நம் இரத்தத்தில் மிகச் சொற்ப அளவில் ஓடுகிறது. அதை 1966-இல் கண்டறிந்து சொன்னவர்கள் கிமிஷிகே இஷிசாகா, தெருக்கோ இஷிசாகா என்ற ஜப்பானியத் தம்பதியர். குடற்புழு போன்ற உண்மையான பகைவர்களை எதிர்ப்பதற்கென்றே அமைந்ததாகக் கருதப்படும் அந்த ஆயுதம், சிலருடைய தேகத்தில், சாதுவான ஒரு பூந்துகளையோ பாலையோ முந்திரிப்பருப்பையோ பகைவனென்று குறித்து வைத்துக்கொள்கிறது. மறுமுறை அப்பொருள் தீண்டியதும், தோலுக்கடியிலும் மூக்கின் உட்சவ்விலும் காத்திருக்கும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்ட, மூக்கில் தும்மலும் நீரும், கண்ணில் அரிப்பும், மூச்சுக்குழலில் இழுப்பும், தோலில் தடிப்புமாய் அது வெளிப்படுகிறது. தடிப்பைக் கண்டு காணாக்கடி என்று சொல்லி, கடித்த பூச்சியைப் பாயின் அடியில் தேடியவர்கள் நம் பாட்டிமார். அவர்கள் தேடிய பூச்சி உள்ளேயே இருந்தது.

வண்டலூரில் இதற்கு வேண்டிய சாமக்கிரியைகள் குறைவில்லை. ஏரிக்கரைகளில் சீமைக்கருவேலம், விலைபோகாத மனைகளிலெல்லாம், 1950களில் புனேப் பக்கத்தில் தலைகாட்டி நாடெங்கும் பரவிய பார்த்தீனியம், ஜி.எஸ்.டி. சாலையின் புழுதியும் புகையும். ஐப்பசி மழைக்குப் பின் சுவரில் பூக்கும் பூஞ்சணம். இவை அத்தனையையும் மிஞ்சுவதாக, படுக்கையிலும் தலையணையிலும் நம் தோலின் உதிரிகளைத் தின்று வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி. 1985-இல் உயிரியல் பூங்கா வந்த காட்டை ஒட்டி மனை வாங்கினால் காற்று பரிசுத்தமாயிருக்கும் என்று நம்பிக் குடிவந்தவர்களை நான் அறிவேன்; மரங்களும் மகரந்தம் உதிர்க்கும் என்பதைப் பத்திரம் எழுதுகையில் யாரும் நினைப்பதில்லை. ஜலதோஷமாயின் பெரும்பாலும் உடல்வலியோடு வந்து, வாரம் பத்து நாளில் போய்விடும். ஒவ்வாமையோ காய்ச்சலில்லாமல், அரிப்போடு, விடியற்காலையில் தவறாமல் வந்து, ஊருக்குப் போனால் தணிந்து, வீடு திரும்பினால் தானும் திரும்பும்.

இதற்கு அலர்ஜி என்று 1906-இல் நாமகரணம் செய்தவர் வியன்னாவின் குழந்தை வைத்தியர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே. க்ஷயரோகக் கிருமி உடலில் புகுந்ததா என்று தோலைக் கீறி அறியும் டியூபர்குலின் பரீட்சையை மறு வருஷமே வகுத்தவரும் அவரே. வண்டலூரிலிருந்து சென்னைக்குப் போகும் மின்சார ரயிலில் தாம்பரத்துக்கு அடுத்து வரும் சானடோரியம் நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வருவதுண்டு. டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928-இல் க்ஷயரோகிகளுக்காக அங்கே நிறுவி, 1937-இல் அரசாங்கம் ஏற்றுக்கொண்ட அந்த ஆஸ்பத்திரியால் வந்த பெயர் அது. (அவர் முன்பு இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் நடத்திய நிலையத்தில்தான் கணித மேதை ராமானுஜனும் சிலகாலம் நோயாளியாயிருந்தார்.) பிர்க்கே கண்ட உண்மை மருத்துவத்தையும் கடந்தது: அம்மை குத்தியவனைப் பிற்பாடு காக்கும் மாறுதலும், சீரம் ஊசியை இரண்டாம் முறை ஏற்றவனைத் தடிப்பும் காய்ச்சலுமாய் வாட்டும் மாறுதலும் ஒரே மூலத்தினின்று எழுபவை என்றார் அவர். காத்தலும் அழித்தலும் ஒரு சக்தியின் இரு தொழில் என்று பழகிய நமக்கு இது விளங்காத விஷயமன்று.

ஒவ்வாமையை அறியும் பரீட்சைக்கு வருவோம். முன்கையின் உட்புறத்தில் மையால் வரிசையாகக் குறியிட்டு, ஒவ்வொரு குறியருகிலும் தூசிப்பூச்சி, கரப்பான், பூஞ்சணம், மகரந்தங்கள் இவற்றின் சாரத்தில் ஒவ்வொரு சொட்டு வைத்து, சொட்டின் வழியே ஒரு சிறு ஊசிமுனையால் இரத்தம் வராதபடி தோலைக் குத்திவிட்டுக் காத்திருப்பார்கள். பதினைந்து, இருபது நிமிஷத்தில் மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாத தடிப்பு எங்கே எழுந்ததோ அங்கே சந்தேகம் விழும். எனக்கு இதில் மிகவும் பிடித்த அம்சம், அந்த வரிசையின் இரு சொட்டுக்கள் நோய்ப்பொருள்கள் அல்ல என்பது: ஒன்று வெறும் உப்புநீர், தடிக்கக் கூடாது, மற்றது ஹிஸ்டமின், தடித்தே ஆகவேண்டும். உப்புநீருக்கும் தடிக்கும் தோலை நம்புவதற்கில்லை; ஹிஸ்டமினுக்கும் தடிக்காத தோல், அநேகமாக, நோயாளி ஒவ்வாமை மாத்திரையைச் சில தினங்கள் முன்பே நிறுத்தாமல் வந்துவிட்டதைக் காட்டும். பிரத்தியட்சத்தையும் சோதிக்காமல் பிரமாணமாகக் கொள்ளாதே என்ற தார்க்கிகனின் எச்சரிக்கை, நாலங்குலத் தோலில் இத்தனை சுருக்கமாய் வேறெங்கும் நான் கண்டதில்லை. இதன்மேலும் ஒரு நுட்பம்: தடிப்பு எழுந்ததாலேயே அது நோய் ஆகிவிடாது, தேகம் அப்பொருளைக் குறித்து வைத்திருக்கிறது என்பதே அதன் அர்த்தம், அதைத் தின்றோ முகர்ந்தோ அவஸ்தைப்பட்ட சரித்திரமும் சேர்ந்தால்தான் நிச்சயம். இதை உணராமல், நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு ஒரே இரத்தப் பரிசோதனை என்று விற்கும் ஐ.ஜி.ஜி. என்ற வேறொரு புரதத்தின் பட்டியலை வாங்கிவந்து, பாலும் கோதுமையும் முட்டையும் ஒதுக்கிக் குழந்தையை இளைக்க வைப்பது, கயிற்றுக்கடையையே பாம்புப் பண்ணை ஆக்கிக்கொள்வதாகும்.

இனி ஆதிக் கேள்வி. சங்கரர் இதை அறியாதவரல்லர். பிரம்மசூத்திர பாஷ்யத்தின் நாலாம் அத்தியாயத்தில், கண்கோளாறு உள்ளவனுக்குச் சந்திரன் இரண்டாகத் தெரிவதை உதாரணம் காட்டி, பொய்யென்று தள்ளப்பட்ட காட்சியும் சம்ஸ்கார வேகத்தால் சிறிது காலம் தொடரும் என்று ஒப்புக்கொள்கிறார். கேட்டறிந்த ஞானம் மட்டும் போதாது, இடைவிடாத பாவனையும் வேண்டும் என்று இன்னும் ஒரு படி போனவர் மண்டன மிச்ரர். சைவ சித்தாந்தியோ அடியோடு வேறு பேசுவான்: ஆணவ மலம் வெறும் தோற்றமன்று, அது ஒரு திரவியம், கண்ணில் படலம் மூடியிருக்கிறது என்று அறிந்துகொண்டதனால் குருடன் பார்வை பெறுவதில்லை, வைத்தியன் கைக்கருவியால் அதை நீக்கவேண்டும், அதுபோலவே தீட்சை என்பான். முக்தி விஷயத்தில் தீர்ப்புச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. ஒவ்வாமை விஷயத்தில் சித்தாந்தியின் பக்கமே நான். ஐ.ஜி.ஈ. ஒரு திரவியம், அளக்கலாம், எடை போடலாம், ஆனால் வாதத்தால் கரைக்க முடியாது.

ஆயினும் சித்தாந்தியின் உவமையும் முழுமையாகப் பொருந்துவதில்லை. படலத்தை அறுக்கும் கத்தி இங்கே கிடையாது. ஒவ்வாமை மாத்திரையும் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயும் விளைவைத் தணிப்பவை, ஐ.ஜி.ஈ.யையே பிடித்துக் கட்டும் ஓமலிசுமாப் என்ற விலையுயர்ந்த ஊசி இருக்கிறது, நிறுத்தினால் பழைய நிலை அநேகமாகத் திரும்பும். நீடித்த மாறுதல் தருவதாக அறியப்பட்டது, லண்டனில் லியோனர்ட் நூன் என்பவர் 1911-இல் வெளியிட்ட முறை: எந்தப் பொருள் ஆகாதோ அதையே அணுவளவாக ஊசியில் ஏற்றி, வாரந்தோறும் கொஞ்சங் கொஞ்சமாகக் கூட்டி, பின் மாதம் ஒன்றாக மூன்று முதல் ஐந்து வருஷம் தொடர்வது. (இப்போது நாக்கின் கீழ் வைக்கும் சொட்டாகவும் தருகிறார்கள்.) இதில் நிகழ்வது விநோதமானது. பழைய ஐ.ஜி.ஈ. உடனே அழிவதில்லை, ஆரம்பத்தில் ஏறவும் செய்யும்; ஆனால் ஐ.ஜி.ஜி.4 என்ற வேறொரு புரதம் எழுந்து, மகரந்தத்தைத் தானே முந்திப் பற்றிக்கொண்டு, ஐ.ஜி.ஈ.யை வழிமறிக்கிறது. ஒரு சம்ஸ்காரத்தை மற்றொரு சம்ஸ்காரமே தடுக்கும் என்று பதஞ்சலி யோகசூத்திரத்தின் முதற்பாதத்தில் சொல்லியிருப்பதற்கு இதைவிடக் கண்கூடான விளக்கம் வேண்டுவதில்லை. ஞானமுமன்று, கத்தியுமன்று, அப்பியாசம்.

ஆத்ம ஞானத்துக்கும் தேகத்தின் பிழைக்கும் சம்பந்தமில்லை, தேகம் பிராரப்தத்தின் வசம், ஜீவன்முக்தனும் தும்மலாம் என்று வேதாந்தி மறுமொழி கூறுவான். நான் அதை அப்படியே ஏற்கிறேன். ஏற்றால், இழுப்புக்காரரிடம் போய் மனசைத் திடப்படுத்திக்கொள், எல்லாம் பிரமை என்று உபதேசிக்கும் உரிமையும், பூர்வ ஜன்ம பாவமென்று கணக்கெழுதும் உரிமையும் ஒருவருக்கும் இல்லாமற் போகின்றன. இன்ஹேலர் பழகிப்போய்விடும் என்று பயந்து அதைப் பையிலேயே வைத்திருந்து திணறுகிறவர்களையும் பார்க்கிறோம். மைக்ரோகிராம் கணக்கில் நேரே மூச்சுக்குழலுக்குப் போகும் மருந்து அது, கயிற்றிலும் மெல்லிய நூல்.

இவற்றினும் கடினமானது பிரசாதம். முந்திரியோ வேர்க்கடலையோ ஆகாத குழந்தைக்குச் சர்க்கரைப் பொங்கலையும் நவராத்திரிச் சுண்டலையும் நீட்டி, சாமி பிரசாதம் ஒன்றும் செய்யாது என்று வற்புறுத்துவது பக்தியால்தான். ஆனால் நிவேதனத்தால் அதன் மகிமை கூடுமேயன்றி முந்திரியின் புரதம் மாறுவதில்லை. சில நிமிஷத்தில் உதடு வீங்கி, குரல் கம்மி, வாந்தியும் இழுப்பும் கண்டு மயக்கம் வருமாயின், அப்போது உதவுவது தொடையின் வெளிப்புறத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. மாத்திரையை விழுங்கவைத்துக் காத்திராமல், காலை உயர்த்திப் படுக்கவைத்து, மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரவைத்து, 108-ஐ அழைக்க வேண்டும். உபவாசத்திலிருந்து நோயாளிக்கும் குழந்தைக்கும் விலக்கு அளித்த தர்மம் சுண்டலில் மட்டும் கண்டிப்புக் காட்டும் என்று நான் நம்பவில்லை. குழந்தை அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அண்ணன் கையில் கொடுத்துவிட்டால் பெற்றுக்கொண்டதாகவே ஆகும். அதற்கும் வீட்டில் யாரேனும் முகம் சுளித்தால், அடுத்த வெள்ளிக்கிழமை நைவேத்தியத்துக்குக் கற்கண்டை வைக்கச் சொல்லிப் பார்க்கலாம்.