கண்டும் கடந்து போகிறோமா?



எரிகோ செல்லும் வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனை மூவர் கண்டார்கள். மூவருக்கும் கண் பழுதில்லை. ஆனால் கிட்டப் போனவன் சமாரியன் ஒருவனே. விலகிப் போனவர்களில் முதல் ஆள் ஒரு குரு. இதை எழுதும் என் கை தயங்குகிறது. செபப் புத்தகத்துக்கு முன் கைத்தொலைபேசியைத் திறந்த காலைகள் எனக்கும் உண்டு.

பேஸ்புக்கில் பெருவிரல் தள்ளத் தள்ள ஒரு மரண அறிவித்தல், ஒரு பகிடி, ஒரு பிறந்தநாள். எல்லாம் ஒரே வேகத்தில் போகின்றன. கோபமும் பயமும் ஊட்டுவதில்தான் விரல் நிற்கிறது. எதில் நின்றோம், எதைப் பகிர்ந்தோம் என்று பார்த்து, அது போன்றதையே அந்த இயந்திரம் மீண்டும் நம்முன் வைக்கிறது.

இதன் விலையை நமது மாவட்டம் அறியும். 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையொன்றில், கறியில் கிடந்த கட்டியை 'மலட்டு மாத்திரை' என்றார்கள். அன்றிரவே கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. சிங்களம் நன்கு விளங்காத கடைக்காரர் தடுமாறிச் சொன்ன பதில் வீடியோவாக நாடெங்கும் பரவியது. பின்னர் அரச பகுப்பாய்வாளர் சோதித்தார். அது வெறும் மாக்கட்டி!

நம்மவர் மட்டும் இதற்கு விலக்கா? 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று நம் ஆலயங்களில் இரத்தம் சிந்தியது. ஐந்தாம் நாள் சாய்ந்தமருதிலும் குண்டுகள் வெடித்தன. அந்தக் காயம் ஆறாத மே மாதத்தில், கத்தோலிக்கர் செறிந்து வாழும் சிலாபத்தில், முஸ்லிம் வியாபாரி ஒருவர் பேஸ்புக்கில் எழுதிய ஒரே வரி மிரட்டலாக வாசிக்கப்பட்டது. கடைகள் உடைக்கப்பட்டன. ஒரு வரியை நிதானமாய் வாசிக்கப் பொறுமை இல்லாமற் போயிற்று.

கல்முனையில் நமக்கொரு பாக்கியம் உண்டு. தொலைபேசி யாரைப் பற்றிக் கதை சொல்கிறதோ, அவர் அடுத்த தெருவில் இருக்கிறார். அவரிடம் சீலை வாங்குகிறோம், மீன் வாங்குகிறோம். 2004 டிசம்பர் 26இல் கடல் மதம் பார்த்து வரவில்லை. ஒரே கரையில் நின்று அழுதோம்.

ஆகவே இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். பிறரைப் பற்றி மனம் கொதிக்கும் செய்தி வந்தால், பகிருமுன் தொலைபேசியைக் கீழே வையுங்கள். எழுந்து போய், "காக்கா, இப்படி ஒரு கதை வந்திருக்கு, உண்மையா?" என்று கேளுங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

சமாரியனின் இரக்கம் எண்ணெய் வார்த்தபோது தொடங்கவில்லை. அவன் நின்றபோதே தொடங்கிற்று.