சூரியனுக்குச் சாணை

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணி. மேற்குத் தாம்பரத்தில் ஒரு டீக்கடை வாசலில் ஏழெட்டு சைக்கிள்கள் சாய்ந்து நிற்கின்றன. ஹெல்மெட்டைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, ஒருவர் மூக்கிலும் காது மடலிலும் வெள்ளைக் களிம்பைத் தேய்க்கிறார். “முப்பதா, ஐம்பதா?” என்கிறார் அடுத்தவர். வெயில் தடுப்பு அளவான எஸ்.பி.எஃப். கணக்கு அது. இந்தக் களிம்பைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் கேள்வி வேறு மாதிரி இருக்கும்: “பொங்கலுக்குப் பானை வெச்சுக் கும்பிடுற சூரியனுக்கா பயந்து பூசிக்கிற?”

கேலியாகக் கேட்டாலும் கேள்வியில் சாரம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் தெய்வம் என்று ஒருவரைக் கைகூப்பிவிட்டு, அவர் பார்வை மேலே படாமல் மறைத்துக்கொள்வது பக்திக்கு ஒத்துவருமா?

புராணம் இதைச் சங்கடமில்லாமல் பேசியிருக்கிறது. சூரியனை மணந்த சஞ்ஞைக்கு அவருடைய வெப்பம் தாங்கவில்லை. தன்னைப் போலவே ஒருத்தியைத் தன் நிழலிலிருந்து உண்டாக்கி, அவளை வீட்டில் விட்டுவிட்டுக் காட்டுக்குத் தவம் செய்யப் போய்விட்டாள். அந்த நிழல்தான் சாயாதேவி. உண்மை வெளிப்பட்டபோது சூரியன் மனைவியைத் தேடிப் போனார், அவளைச் சுட்டெரிக்கவில்லை. மாமனார் விசுவகர்மா அவரைச் சாணையில் ஏற்றி ஒளியைச் சீவியபோது அதற்கும் இசைந்தார். எட்டில் ஒரு பங்கு சீவப்பட்டது என்கிறது விஷ்ணு புராணம். உதிர்ந்த பொறிகளிலிருந்துதான் திருமாலின் சக்கரமும் சிவனின் சூலமும் கந்தனின் வேலும் செய்யப்பட்டனவாம். வேலை அன்னை பராசக்தி தந்தாள் என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. இது அதற்குப் பக்கத்தில் நிற்கும் இன்னொரு கதை.

இந்தக் குடும்பக் கதை முழுவதும் சென்னையின் தென்மேற்குப் புறநகரில் சைக்கிள் எட்டும் தூரத்தில் கிடக்கிறது. தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வந்து குன்றத்தூர் சாலையில் திரும்பினால் பம்மல்; அதை ஒட்டிப் பொழிச்சலூர். அங்குள்ள அகத்தீஸ்வரர் கோயில், சென்னையின் நவக்கிரகத் தலங்களில் சனிக்கு உரியது. சனி, சாயாதேவியின் பிள்ளை. நேரே போனால் குன்றத்தூர் மலையில் முருகன். கோவூர் வழியாகச் சுற்றிக் கொளப்பாக்கம் போனால் அங்கே இன்னொரு அகத்தீஸ்வரர்; அது சூரியத் தலம். நிழலின் மகனிடம் கிளம்பி, வேலைத் தாண்டி, சூரியனிடம் போய்ச் சேரும்போது நிஜச் சூரியனும் பின்கழுத்தில் உறைக்கத் தொடங்கியிருக்கும்.

வெயிலுக்கு மறைப்பு தேடுவதை இந்த மரபு குற்றமாக நினைத்ததே இல்லை. சாமி வீதியுலா போகும்போது மேலே குடை பிடிக்கிறார்கள். சென்னையிலிருந்து ஆண்டுதோறும் திருப்பதிக்குக் குடைகள் ஊர்வலமாகப் போகின்றன. அக்னி நட்சத்திர நாட்களில் சிவாலயங்களில் லிங்கத்தின் மேல் துளையிட்ட பாத்திரத்தைத் தொங்கவிட்டுச் சொட்டுச் சொட்டாக நீர் விழச் செய்கிறார்கள். அதற்குத் தாராபிஷேகம் என்று பெயர். அடைக்கலத்தைக் குறிக்கவும் தமிழில் நிழல் என்ற சொல்தான்: குடை நிழல், திருவடி நிழல். சாமிக்கே குளிர்ச்சி வேண்டியிருக்கும்போது சைக்கிளில் போகிறவர் மூக்குக்கு ஏன் கூடாது?

ஆனால் இதே தாம்பரத்தில் வெயிலை மருந்தாகத் தேடி வந்தவர்களும் உண்டு. ‘சானடோரியம்’ என்று ரயில் நிலையத்துக்கே பெயர் கொடுத்த காசநோய் மருத்துவமனையை 1928இல் தொடங்கியவர் டாக்டர் சவரிமுத்து. இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் அவர் நடத்திய சிகிச்சையகத்தில்தான் 1917இல் கணித மேதை ராமானுஜன் சில காலம் தங்கினார். காசநோய்க்கு மாத்திரை இல்லாத அந்தக் காலத்தில் திறந்தவெளிக் காற்றும் இயற்கை வெளிச்சமும் நல்ல சாப்பாடும் ஓய்வும்தான் வைத்தியம். தோல் காசநோயை ஒளியால் குணப்படுத்தியதற்காக டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சென் 1903இல் நோபல் பரிசு பெற்றிருந்தார். இன்றைக்கும் உடம்பு வைட்டமின் டி செய்துகொள்ள வெயில் வேண்டும். ஆகவே சூரியனை அடியோடு விலக்குவதும் சரியாகாது. விசுவகர்மா எடுத்ததும் எட்டில் ஒரு பங்கைத்தான்.

களிம்பு எடுப்பது அதைவிட அதிகம். எஸ்.பி.எஃப். 30 என்றால் தோலைச் சிவக்க வைக்கும் யுவிபி கதிரில் சுமார் 97 சதவீதம் தடுக்கப்படும். 50 என்றால் 98. டீக்கடை விவாதத்தின் மதிப்பு அந்த ஒரு சதவீதம்தான். உண்மையான வித்தியாசம் அளவில் இருக்கிறது. ஆய்வகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் இந்த எண்ணைக் கணக்கிடுகிறார்கள்; வீட்டில் பெரும்பாலோர் பூசுவது அதில் பாதிகூட இருக்காது. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் பிதுக்கிக்கொள்ள வேண்டும். கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பே பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். சென்னை வியர்வைக்கு அதற்கு முன்பேகூடத் தேவைப்படும். தோலின் ஆழம் வரை போகும் யுவிஏ கதிரை எஸ்.பி.எஃப். எண் சொல்லாது, அதற்கு ‘பிஏ’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் எத்தனை கூட்டல் குறி என்று பார்க்க வேண்டும். நெற்றிக் களிம்பு வியர்வையோடு இறங்கிக் கண்ணை எரிப்பது சைக்கிள்காரர்களின் நித்திய புலம்பல். துத்தநாக ஆக்சைடு கலந்தவை பொதுவாக அவ்வளவு எரிப்பதில்லை, ஆனால் மாநிறத்தில் சாம்பல் பூசினாற்போல் தெரியும். கைக்கு மட்டும் களிம்பைவிட முழுக்கை ஸ்லீவ் மேல். அதைவிட மேலானது, கடிகாரத்தைப் பார்த்து எட்டு மணிக்குள் வீடு திரும்புவது.

இவ்வளவும் உடம்பைப் பேணும் கணக்கு. கடையில் இதே களிம்பை விற்கும் கணக்கு வேறு. “வெயில்ல அலையாதே, கருத்துடுவே” என்ற வீட்டுப் பேச்சைத்தான் விளம்பரம் எடுத்துக்கொண்டது. 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ தன் பெயரிலிருந்து சிவப்பழகை எடுக்க 2020 வரை ஆயிற்று. கருமையோ உண்மையில் தோல் தானாகவே பிடித்துக்கொண்ட குடை. கருந்தோலின் இயல்பான பாதுகாப்பு எஸ்.பி.எஃப். 13 அளவுக்கு வரும் என்று 1979இல் அமெரிக்காவில் அளந்திருக்கிறார்கள்; வெள்ளைத் தோலுக்கு அது 3தான். அந்தக் குடையும் முழுக்குடை அல்ல. மங்கும் கருந்திட்டுகளும் மாநிறத்தாரிடம் அதிகம் என்பதால் களிம்புக்கு வேலை இருக்கிறது. ஆனால் மாயோனையும் காளியையும் கருப்பசாமியையும் கும்பிடும் ஊரில், கருத்துவிடுவோம் என்ற பயத்தில் ஒருவர் பூசிக்கொள்வதற்கும் புண்ணாகாமல் இருக்கப் பூசிக்கொள்வதற்கும் நடுவே ஒரு தூரம் இருக்கிறது. பெரியவர்கள் கேட்ட கேள்வி உண்மையில் குத்த வேண்டிய இடம் அது.

இன்னொரு இடமும் உண்டு. எட்டு மணிக்குள் வீடு திரும்ப முடியாதவர்களும் இதே சாலையில் சக்கரம் மிதிக்கிறார்கள்: பின்சீட்டில் டீ கேனைக் கட்டியவர், மூன்று சக்கர வண்டியில் தண்ணீர் கேன் ஏற்றியவர், காலை வேலைக்குப் போகும் தூய்மைப் பணியாளர். சூரியனின் வெப்பத்தை எந்தக் களிம்பும் தடுக்காது. களிம்பின் வேலை புற ஊதாக் கதிரோடு நின்றுவிடும். வெப்பத்துக்கு மரமும் நீரும் ஓய்வும்தான். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்பவர்களின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. சஞ்ஞைக்குக் காடு இருந்தது, தனக்குப் பதில் நிறுத்த ஒரு நிழலும் இருந்தது. தாம்பரத்தின் ஜிஎஸ்டி சாலையோரம் நிற்பவருக்குப் பதில் யார் நிற்பது?

ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் தாம்பரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். பகல் 12 மணி கழிந்து சில நிமிடங்களில், செங்குத்தாக நட்ட கம்புக்கு நிழலே இருக்காது. சாயாதேவி காலடியில் ஒடுங்கிவிடுவாள். பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் அதை வேடிக்கை பார்ப்பார்கள். காலையில் களிம்பு பூசிப் போனவர்கள் மின்விசிறிக்கு அடியில் படுத்திருப்பார்கள். தண்ணீர் வண்டிக்காரர் ஒரு மதில் ஓரம் வண்டியை நிறுத்தி, மதிலுக்கும் நிழல் இல்லாததைப் பார்த்துவிட்டு, ஒரு கேனைத் திறந்து துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொள்வார். துண்டின் நுனியிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாகத் தோளில் விழும்.