நாளைக்கு யார் தண்ணீர் ஊற்றுவது?

நங்கநல்லூரில் இருந்த எங்கள் வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டக் கொடுத்தோம். 1979-ல் அப்பா பேங்க் லோன் போட்டுக் கட்டிய வீடு. கையெழுத்தெல்லாம் வாங்கிக்கொண்டு கிளம்பும்போது பில்டர் வாசலைக் காட்டி, "சார், அந்தக் காகிதப்பூ செடியை மட்டும் ஆளுங்க வர்றதுக்கு முன்னாடி எடுத்துடுங்க. ஒரே முள்ளு" என்றார்.

செடியாம்! அது கேட் வளைவில் ஏறி, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்து, தண்ணீர் டேங்க் வரை போயிருந்தது. அடிமரம் என் தொடை பருமன். கிரகப்பிரவேசம் முடிந்த மறுநாள் அம்மா ஊன்றிய குச்சி அது. கேஸ் சிலிண்டர் போடுகிறவருக்கும் தபால்காரருக்கும் எங்கள் வீட்டு நம்பர் தெரியாது. 'காகிதப்பூ வீடு' என்றால் தெரியும்.

இரண்டு தெரு தள்ளி ஒரு ரிட்டயர்டு இன்ஜினீயர் இருக்கிறார். மாடி பூராவும் போன்சாய். விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்தார். சந்தையில் மாட்டைத் தடவிப் பார்க்கிற மாதிரி அடிமரத்தைத் தடவிப் பார்த்தார். "வெட்டிப் போட்டுடாதீங்க சார். தோண்டி எடுத்துத் தொட்டியில வெச்சுடலாம். இந்தப் பருமன் தொட்டியிலேயே வளர்த்தா ஜென்மத்துக்கும் வராது!"

அவர் சொன்னது நிஜம். மரம் பருக்கத் தரை வேண்டும். அதனால்தான் போன்சாய்க்காரர்கள் வயசான செடிகளைத் தேடி அலைகிறார்கள். மலையிலும் காட்டிலும் தோண்டி எடுத்து வரும் மரத்துக்கு ஜப்பானில் 'யமதோரி' என்று தனிப் பெயரே உண்டு. அங்கே விஸ்டீரியா என்று ஒரு கொடி. நம்ம சரக்கொன்றையை ஊதாச் சாயத்தில் முக்கி எடுத்த மாதிரி சரம் சரமாகத் தொங்கும். விதை போட்டால் பூக்கப் பத்துப் பதினைந்து வருஷம்கூட ஆகும். பொறுமை இல்லாதவர்கள் தோட்டத்தில் முற்றிய கொடியைப் பெயர்த்து, தலையை வெட்டி, தொட்டிக்குள் கொண்டுவந்துவிடுவார்கள்.

அம்மாவிடம் சந்தோஷமாகச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

"டேங்க் வரைக்கும் போனதைக் கொண்டுபோய்த் தட்டுல உட்கார வெக்கறதா? அதுக்கு வெட்டியே போட்டுடு. ஒரே நாளோட போயிடும்."

இன்ஜினீயர் விடவில்லை. "அம்மா, தொட்டின்னா ஜெயில் இல்லே" என்று ஒரு கதை சொன்னார். வாஷிங்டனில் அமெரிக்க அரசின் தாவரத் தோட்டத்தில் ஒரு குட்டிப் பைன் மரம் இருக்கிறது. 1625-லிருந்து தொட்டியிலேயே வளர்கிறது. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது அது சுமார் மூன்று கிலோமீட்டர் தள்ளி, ஒரு வீட்டுத் தோட்டத்துச் சுவருக்குப் பின்னால் இருந்தது. பிழைத்துவிட்டது. 1976-ல் யமாகி குடும்பத்தார் அதை அமெரிக்காவுக்கே அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். குண்டில் தப்பிய மரம் என்று சொல்லிக்கூடக் கொடுக்கவில்லை. 2001-ல் பேரப்பிள்ளைகள் பார்க்க வந்தபோதுதான் விஷயமே வெளியில் வந்தது. "நானூறு வருஷம்மா! தரையில இருக்கிற எத்தனை மரம் அவ்வளவு நாள் இருக்கு?"

அம்மா பதில் சொல்லவில்லை. எனக்கு இரண்டு பேருமே சரி என்று பட்டது. ஒரு உயிரைக் கொல்வதைவிடக் குறுக்குவது மேலா? அல்லது குறுக்கி வைப்பதைவிட முடித்துவிடுவதுதான் மரியாதையா?

ராத்திரி தூக்கம் வராமல் யோசித்தபோது வேறு ஒன்று உறைத்தது. இந்த இரண்டு வழிதான் என்று யார் சொன்னது?

ஜப்பானில் அஷிகாகா என்ற ஊரில் ஒரு பூங்கா. அங்கே இருக்கும் பெரிய விஸ்டீரியா அந்த இடத்தில் முளைத்ததே அல்ல. சுமார் இருபது கிலோமீட்டர் தள்ளி வேறொரு தோட்டத்தில் இருந்தது. வயசு நூறுக்கும் மேல். பெயர்த்தால் பிழைக்காது என்று பலரும் கைவிட்டதை, கொனாமி சுகாமோட்டோ என்ற பெண் மர வைத்தியர் ஏற்றுக்கொண்டார். இரண்டு வருஷம் தயார் செய்தார். தூக்கும்போது அடிமரம் நசுங்கிவிடக் கூடாதே என்று, நமக்கு எலும்பு முறிந்தால் போடுகிற மாவுக்கட்டை மரத்துக்குப் போட்டார். 1996-ல் இடம் மாற்றினார்கள். இன்றைக்கு அது ஆயிரம் சதுர மீட்டருக்குப் பந்தலில் படர்ந்து நிற்கிறது. நம்ம கணக்கில் நாலரை கிரவுண்டு!

வெட்டினார்கள், தோண்டினார்கள், தூக்கினார்கள். இன்ஜினீயர் செய்யச் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால், அவர்கள் மரத்துக்கு ஏற்ற இடம் தேடினார்கள். நான் என் இடத்துக்கு ஏற்றபடி மரத்தை வெட்டப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், இதைத் தரையில் வைத்துக்கொள்வீர்களா என்று அதுவரை ஒருவரைக்கூட நான் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம், புது ஃப்ளாட் பால்கனியில் அதை மனசுக்குள் எப்போதோ வைத்துப் பார்த்துவிட்டேன். 'காப்பாற்றுகிறேன்' என்று நான் சொன்னதில் பாதி, 'விடமாட்டேன்' என்பதுதான்.

மறுநாளிலிருந்து கேட்க ஆரம்பித்தேன். ஒரு பள்ளிக்கூடத்தில் முள் என்பதால் வேண்டாம் என்றார்கள். மதுராந்தகம் பக்கம் நிலம் வைத்திருக்கும் நண்பர், "கொண்டு வாப்பா, ஆனா நான் ஞாயித்துக்கிழமைதான் போவேன், தண்ணி அன்னிக்குத்தான்" என்றார். புதிதாகப் பெயர்த்த செடி ஆறு நாள் காய்ந்தால் அவ்வளவுதான். இன்னும் நாலு இடம். நடக்கவில்லை. கடைசியில் தொட்டிதான் என்று ஆயிற்று. முதல் நாள் எடுத்திருக்கக்கூடிய அதே முடிவுதான். ஆனால், கேட்ட பிறகு எடுத்ததற்கும் கேட்காமல் எடுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இல்லையா?

வெயில் தணிந்ததும் தோண்டினோம். முதலில் கிளைகளை வெட்டினார்கள். தெருவில் ஒரு லாரி ரோஜா நிறம் கிடந்தது. அம்மா வெளியே வரவில்லை. காகிதப்பூவின் வேர் மெல்லிசு, சட்டென்று அறுந்துவிடும். அதனால் மண்ணை உதறாமல் வேரோடு சேர்த்து ஈரச் சாக்கில் கட்டினார்கள். மிஞ்சியது முழங்கால் உயரக் கட்டை. வாடகை ஃப்ளாட்டின் மூன்றாவது மாடிக்கு அதுவும் அம்மாவும் ஒரே நாளில் லிஃப்டில் ஏறினார்கள்.

மூன்றாவது வாரம் பச்சையாக நாலு துளிர். நான் குதித்தேன். இன்ஜினீயர் போனில் அடக்கினார். "அவசரப்படாதீங்க. இது கட்டையில சேர்த்து வெச்ச சத்துல வர்ற துளிர். புது வேர் விட்டுச்சான்னு இப்ப தெரியாது. வேர் விடலேன்னா இதோட சரி." வந்த புதிதில் அம்மாவும் எல்லோரிடமும், "நன்னாத்தான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சேர்த்து வைத்த சத்து எத்தனை நாளைக்கு என்று நான் அவளைக் கேட்டதில்லை.

செடி வேர் பிடித்துவிட்டது. அதன் பிறகுதான் இதில் இருக்கும் பொறுப்பு எனக்குப் புரிந்தது. தரையில் இருந்தபோது அதற்கு நாங்கள் தேவையே இல்லை. வெயிலில் தானே தண்ணீர் தேடிக்கொண்டது. வருஷக்கணக்கில் யாரும் அதைக் கவனித்ததில்லை. தொட்டிக்கு வந்த பின் எங்கள் கைதான் அதற்கு மழை. சென்னை மே மாசத்தில் ஒரு நாள் மறந்தால் வாடும், சில நாள் இரண்டு வேளை கேட்கும். ஒரு உயிரை வேரோடு எடுத்து நம் வசதிக்குள் வைத்துக்கொள்வது பாவமா என்று அம்மாவும் இன்ஜினீயரும் வாதம் செய்தார்கள். பாவமோ புண்ணியமோ, அது தோண்டுகிற நாளில் முடிவாவதில்லை. அதற்கப்புறம் வரும் ஒவ்வொரு காலையிலும் முடிவாகிறது. காப்பாற்றுவது ஒருநாள் காரியம் என்று நினைத்தால் காப்பாற்றாமலே இருக்கலாம்.

போன மாதம் முதல் கொத்து பூத்தது. போன்சாயில் இலையைச் சிறிசாக்கலாம், கிளையைக் குறுக்கலாம், ஆனால் பூவை அவ்வளவு சுலபமாகக் குறுக்க முடியாது என்று இன்ஜினீயர் சொல்லியிருந்தார். அம்மா கிட்டே போய்ப் பார்த்தாள். "பூ மட்டும் அதே சைஸ்" என்றாள். சிரித்தாளா என்று தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது.

பிறகு திரும்பிக் கேட்டாள்: "அடுத்த வாரம் கல்யாணத்துக்குத் திருச்சி போறோமே, நாலு நாள் இதுக்கு யாரு தண்ணி ஊத்துவா?"

திருச்சிக்கு நான் போகவில்லை.