முதல் புத்தகம்

“அண்ணே, செயற்கை நுண்ணறிவு பத்தி மொதல்ல படிக்க ஒரு புத்தகம் சொல்லுங்க” என்று நலவிடுதித் தம்பி ஒருவன் கேட்டான். தமிழ் எம்.ஏ. படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஜாய் புவலாம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018இல் வெளியிட்ட ஆய்வு அது. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று மென்பொருள்களைச் சோதித்திருந்தார்கள். வெளுத்த தோல் ஆண்களிடம் பிழை 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை; கறுத்த தோல் பெண்களிடம் 34.7 வரை போனது. “பாத்தியா, எந்திரத்துக்கும் கறுப்புன்னா கண்ணு தெரியல!”

“சரிண்ணே, அது எப்படிக் கத்துக்குது?”

பதில் இல்லை என்னிடம். கண்டனத்தை நம் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு நுட்பத்தை மற்றவன் பிள்ளைக்கு விட்டுவிடுவது என்ன நியாயம்? படிக்காதே என்றவனுக்கும் இது உனக்குப் போதும் என்கிற எனக்கும் எவ்வளவு தூரம்?

தேடினோம். ரஸ்ஸல், நார்விக் இருவரும் எழுதிய பாடநூலைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். 1995இல் வந்தது, 2020இல் நான்காம் பதிப்பு, ஆயிரம் பக்கத்துக்கு மேல். கணினியியலில் இரண்டாம் ஆண்டு மாணவனுக்குத் தெரிந்த அளவு தெரிந்திருக்க வேண்டும் என்று முன்னுரையே சொல்லிவிடுகிறது. வாசலிலேயே நிறுத்துகிற அறிமுகம்! மெலனி மிட்செல் 2019இல் எழுதியது பொதுவாசகருக்கானது, நல்ல புத்தகம், ஆனால் ஆங்கிலம். ஹெல்சிங்கி பல்கலைக்கழகம் பங்கேற்று 2018இல் தொடங்கிய இலவசப் பாடத்துக்கு நிரல் எழுதத் தெரிய வேண்டாம். அதிலும் இங்கிலீஷ் இடிக்கத்தான் செய்தது.

கடைசியில் அகராதியும் நோட்டுமாக உட்கார்ந்தோம். 1958இல் ஃபிராங்க் ரோசன்பிளாட் எழுதிய பெர்செப்ட்ரான்தான் முதல் பாடம். உள்ளே வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு எடை. எண்ணை எடையால் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டு. தொகை ஒரு வரம்பைத் தாண்டினால் ‘ஆம்’, இல்லாவிட்டால் ‘இல்லை’. விடை தப்பினால் எடைகளைக் கொஞ்சம் மாற்று. அடுத்த எடுத்துக்காட்டை எடு, திரும்பவும் பார். பெருக்கல், கூட்டல், தராசு. இதுக்கா இத்தனை நாள் பயந்தோம்?

தம்பி நாலு எடுத்துக்காட்டு போட்டு எடைகளை மாற்றி மாற்றி எழுதினான். மூன்றாம் பக்கத்தில் பேனாவை நிறுத்தினான்.

“அண்ணே, சரியான விடை இதுதான்னு மொதல்ல எழுதி வச்சது யாரு?”

நான் நோட்டை அவன் பக்கம் தள்ளினேன்.