எதிர்ப்பும் மறுமொழியும்: தரங்கம்பாடிச் சான்று

நம்பிக்கையை எதிர்ப்போருக்குக் கிறித்தவர் எவ்வாறு மறுமொழி தருதல் வேண்டும் என்னும் வினாவிற்குப் பேதுருவின் முதல் நிருபம் மூன்றாம் அதிகாரத்தில் விடை தருகிறது. கேட்போர்க்கு விளக்கம் கூற எப்போதும் அணியமாயிருத்தல், அதனைச் சாந்தத்தோடு கூறுதல் என்னும் இரண்டும் அடிக்கடி எடுத்துக்காட்டப்பெறுவன. அவற்றைத் தொடர்ந்து வரும் கருத்தோ அத்துணை நினைக்கப்பெறுவதில்லை. தீமை செய்து துன்புறுவதினும் நன்மை செய்து துன்புறுவதே மேல் என்பது அது. எதிர்க்கப்பெற்றமை ஒன்றே ஒருவரை நேர்மையாளர் ஆக்கிவிடாது என்பது இதன் உட்கிடை. எனவே, மறுமொழிக்கு முன்னரே, வந்த எதிர்ப்பு எத்தகையது என ஆராயும் கடமை எழுகிறது.

1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவின் வாழ்வு இவ்வாராய்ச்சிக்குத் தக்க களமாகும். அவர் சந்தித்த கடும் எதிர்ப்பு பிற சமயத்தாரிடமிருந்து வந்ததன்று. இறந்துபோன தமிழ் நாவிதர் ஒருவரின் மனைவிக்காகக் கடன் வழக்கொன்றில் அவர் பரிந்து பேசியமை பூசலை வளர்த்தது. டேனிய ஆளுநர் ஹாசியுஸ் 1708ஆம் ஆண்டு இறுதியில் அவரைச் சிறையிலிட்டார். நான்கு திங்கள் அளவு அவர் அங்கிருந்தார். சிறைப்படுத்தியவரும் கிறித்தவரே. நன்மை செய்து துன்புறுதல் என்னும் தொடர் இந்நிகழ்ச்சிக்கு முழுதும் பொருந்தும்.

அதே சீகன்பால்குவின் குறிப்புகளில் இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. கோயிலொன்றில் இருந்த மண்ணுருவங்களின் தலைகளைத் தாம் உடைத்ததாக அவரே எழுதியுள்ளார். அங்கிருந்த தமிழர் ஒருவர், அவை தெய்வங்கள் அல்ல, தெய்வத்தின் காவல் வீரர்களே என விளக்கினார். அடிபட்டவர் சினவாது பொருள் விளக்கம் தர, நற்செய்தி கூற வந்தவர் கையோங்கி நிற்கிறார். பேதுரு கேட்ட சாந்தம் இங்கு எவரிடம் இருந்தது என்பது வெளிப்படை. இதன்பின் ஊரார் சீற்றம் கொண்டிருப்பின் அதனை விசுவாசத்தின்பொருட்டு வந்த துன்பம் எனக் கூறுதல் தகாது.

சீகன்பால்குவின் சிறப்பு அவர் அந்நிலையிலேயே நின்றுவிடாமையில் உள்ளது. 1712 முதல் 1714 வரை அவரும் கிருண்ட்லரும் தமிழர்களிடம் வினாக்கள் விடுத்துக் கடிதங்கள் பெற்றனர். அவ்வாறு பெற்ற 99 கடிதங்கள் செருமன் மொழியில் பெயர்க்கப்பெற்று ஹாலே நகரில் அச்சாயின. அவற்றுள் பலவற்றை மொழிபெயர்ப்பாளரான அழகப்பனே எழுதியிருத்தல் கூடும் என்பாரும் உளர். ஐரோப்பியக் கிறித்தவரின் குடிப்பழக்கம், ஒழுக்கக்கேடு, தூய்மையின்மை ஆகியன அவற்றில் மறைக்கப்பெறவில்லை. சமயப்பணிக்குப் பொருளுதவி செய்வோர் படிக்கும் இதழிலேயே அவை வந்தன என்பது எண்ணத்தக்கது.

பெயர்ப்பாளர்கள் அடிக்குறிப்புகளில் தம் மறுப்பையும் எழுதினர். எனினும் எதிர்த்தரப்பின் கூற்று முதலிலும் மறுப்பு அதன் கீழும் நின்றன. நன்னூலார் கூறும் எழுவகை மதங்களுள் பிறர் மதத்தை மேற்கொண்டு பின் களைதல் ஒன்று. சிவஞான சித்தியாரிலும் பரபக்கம் முன்னதாகவும் சுபக்கம் பின்னதாகவும் அமைகின்றன. தமிழ் வாத மரபு நன்கறிந்த நெறி இது. ஆயினும் ஓர் வேறுபாடு உண்டு. சித்தியாரின் பரபக்கம் ஆசிரியர் கூற்றில் அமைந்தது. இக்கடிதங்களில் எதிர்த்தரப்பினர் தாமே பேசினர். கோட்பாடு பற்றிய மறுப்பிற்குச் சொல்லால் விடை தரலாம். ஒழுக்கம் பற்றிய குற்றச்சாட்டிற்கு அடிக்குறிப்பு விடையாகாது. குற்றம் மெய்யாயின் அதனை ஒப்புதலே உண்மைக்குச் சான்று பகர்தலாகும். அதனைத் தம்மவர் கண்முன் வைத்தமையால் சீகன்பால்கு அவ்வொப்புதலுக்கு மிக அருகில் வந்தார் எனலாம்.

ஹாலேயின் பொறுமைக்கும் எல்லை இருந்தது. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதி முடித்த நூல் அங்கு அச்சேறவில்லை. புறச்சமயத்தை ஒழிக்கச் சென்றவர் அதனை ஐரோப்பாவில் பரப்புதல் ஆகாது என்பது அங்கிருந்தோர் கருத்து. 1719இல் அவர் மறைந்தார். அந்நூல் 1867இல் சென்னையில் வெளிவந்தது.